ஃபேசர் கிட்: ஃபேஸ் ஷிஃப்டர் வரைகிறவன் முதன்முதலாகப் பார்த்த பீம்

28 கிகாஹெர்ட்ஸ் மில்லிமீட்டர் அலையில், ஆன்டெனாவின் பீமை, அதாவது ஒரு பக்கமாகக் குவிந்த ரேடியோ அலையை, வேண்டிய திசையில் திருப்பும் ஃபேஸ் ஷிஃப்டர் சுற்றுகளை வரைவதுதான் எட்டு வருடமாக என் வேலை. பெங்களூரில் ஒரு சின்ன டிசைன் டீம். சிமுலேஷன், லேஅவுட், டேப்-அவுட் (வரைந்ததைத் தயாரிப்புக்கு அனுப்புவது), சில மாதம் கழித்து சிப் வந்ததும் புரோப் ஸ்டேஷனில் ஊசியை இறக்கி நெட்வொர்க் அனலைசரில் அளவு எடுப்பது, அந்த அளவுகளை எக்செல் அட்டவணையாக்கி ஆன்டெனா டீமுக்கு அனுப்புவது. அதோடு என் பங்கு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த சிப் எந்தப் பலகையில் போய் உட்கார்ந்தது, அது உண்டாக்கிய பீம் எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. பார்க்காமலேயே, "ஆர்எம்எஸ் ஃபேஸ் எரர் (கோணப் பிழையின் சராசரி அளவு) 3 டிகிரிக்குக் கீழே வந்தாக வேண்டும்" என்று ராத்திரி பகலாக மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அனலாக் டிவைசஸ் வெளியிட்டிருக்கும் சிஎன்0566 கிட்டை டீமுக்கு வாங்கினோம். ஃபேசர் என்பதுதான் அதற்குப் புழங்குகிற பெயர். இது 10 முதல் 10.5 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிற எட்டு உறுப்பு ஃபேஸ்டு அர்ரே, அதாவது எட்டு ஆன்டெனா சேர்ந்து ஒரே பீமை உண்டாக்கும் வரிசை. மில்லிமீட்டர் அலை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் 28-இல் வேலை செய்கிற எனக்கு இந்த ஆறு மாதத்தில் இது கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறெந்தக் கருவியும் கற்றுக்கொடுக்கவில்லை.

கைக்கு வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கு வேலை செய்த கிளியரிங் ஏஜென்ட் சரக்கு விவரத்தில் வெறுமனே 'வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர்' என்று எழுதிவிட்டார், பெட்டி மூன்று வாரம் சுங்கத்தில் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் விவரப் படிவத்தை அனுப்பும் முன் ஒரு தரம் வாங்கிப் படித்துப் பாருங்கள்.

பெட்டிக்குள் இருப்பது ஒரே பெரிய பலகை. முன்பக்கம் ஆன்டெனா பேட்ச்கள், பக்கவாட்டில் எட்டு நெடுவரிசை, ஒவ்வொரு நெடுவரிசையிலும் நான்கு பேட்ச். வரிசைக்கு வரிசை 14 மில்லிமீட்டர் இடைவெளி. 10.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 28.5 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மிக அருகில் இது வருகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக ஒரு எல்என்ஏ (இரைச்சல் குறைந்த பெருக்கி), அதற்குப் பின்னால் இரண்டு ஏடிஏஆர்1000 சிப், சிப்புக்கு நான்கு சேனல், ஃபேஸ் ஷிஃப்டர்கள் இவற்றுக்குள்தான். கிட்டின் உயிர் இந்த இரண்டு சிப்தான். பிறகு மிக்சர்கள் சிக்னலைச் சுமார் 2 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்குகின்றன, புளூட்டோ எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) அதை வாங்கி டிஜிட்டலாக்குகிறது, பலகையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் பைத்தான் நிரல் ஓடுகிறது. சிக்னல் அனுப்ப ஒரு சின்ன டாப்ளர் மாட்யூல், கையடக்கம், 5 வோல்ட் கொடுத்தால் போதும்.

ஃபேஸ் ஷிஃப்டர் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பத்தி. குளத்தங்கரையில் எட்டுப் பேர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கல்லைப் போட்டால் அலை நேராகப் போகும். இடது கோடியிலிருப்பவர் முதலில் போட்டு, அடுத்தடுத்தவர் கொஞ்சம் கொஞ்சம் தாமதித்துப் போட்டால் அலை வலப்பக்கம் சாய்ந்து போகும். ஒருவரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை, அலை திரும்பிவிட்டது. அந்த 'கொஞ்சம் தாமதத்தை' ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் மின்சுற்றில் கொடுப்பதுதான் ஃபேஸ் ஷிஃப்டர். பள்ளிக்கூடத்தில் கட்ட வேறுபாடு என்று படித்தது இதுதான். இந்தப் பலகையில் பீமை 30 டிகிரி திருப்ப வேண்டுமென்றால் அடுத்தடுத்த ஆன்டெனாக்களுக்கு இடையே சுமார் 88 டிகிரி ஃபேஸ் வித்தியாசம் கொடுக்க வேண்டும், 10 டிகிரி திருப்ப வேண்டுமென்றால் சுமார் 31. அதிக அலைவெண்ணில் காற்றில் இழப்பு அதிகம், சுவரைத் தாண்டாது, அதனால் சக்தியை ஒரே பக்கம் குவித்துத் திருப்பியாக வேண்டும். 2022 5ஜி ஏலத்தில் நம் நாட்டில் விற்ற 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வரும் கருவிகளுக்குள்ளும் இந்த வேலையைத்தான் யாரோ வரைந்த ஃபேஸ் ஷிஃப்டர் செய்துகொண்டிருக்கும்.

சரி, முதல் நாள். ஒரு சனிக்கிழமை கிட்டை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். டாப்ளர் மாட்யூலை ஸ்டூலில் வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நேரெதிரே பலகையை நிறுத்தினேன். ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, அதற்குள் வந்தால் அலை தட்டையாக வந்து சேரும் என்கிற தூரப்புல விதி கெட்டுவிடும். அந்த மாட்யூலின் அலைவெண் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும், சூட்டிலும் நகரும், அதனால் முதலில் அது எங்கே இருக்கிறது என்று தேட ஒரு ஸ்கிரிப்ட். பிறகு கெயின் கேலிபரேஷன், ஃபேஸ் கேலிபரேஷன், அதாவது எட்டு சேனலின் பெருக்கத்தையும் கோணத்தையும் ஒன்றுக்கொன்று சமப்படுத்துவது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மூலம், அதாவது மாட்யூல், நடுவிலிருந்து மூன்று டிகிரி விலகி இருந்தால் கேலிபரேஷன் அதையே பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும், பிறகு எல்லா அளவும் மூன்று டிகிரி தள்ளியே வரும். நான் நூல் கட்டி நேர் பார்த்தேன்.

அப்புறம் ஸ்கேன்: பீமை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் வரும் சிக்னலை வரைவது. திரையில் நடுவில் ஒரு மலை, இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் குன்றுகள், அவற்றுக்கு நடுவே ஆழமான பள்ளங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே படம்: எட்டு உறுப்புக்குச் சுமார் 13 டிகிரி அகல பீம், முதல் சைட்லோப், அதாவது பக்கத்துக் குன்று, மலையைவிட 13 டெசிபெல் கீழே. மாட்யூலைக் கையில் எடுத்து மெதுவாக இடப்பக்கம் நடந்தேன். திரையில் மலையும் கூடவே நடந்தது. எட்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, என்னுடைய சுற்று என்ன செய்கிறது என்பதை முதல் தடவை பார்க்கிறேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு இடத்தில் மட்டும் மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை முளைத்தது, கால் மணி நேரம் குழம்பி, கேலிபரேஷனை இரண்டு தடவை திரும்பச் செய்து, கடைசியில் பார்த்தால் சுவரோரம் இருந்த இரும்பு பீரோ. அதன் கதவில் பட்டுத் திரும்பிய அலை. பீரோ மேல் ஒரு கம்பளிப் போர்வையைப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை, கதவைத் திறந்து சாய்வாக வைத்ததும் இரண்டாவது மலை வேறு பக்கம் போய்விட்டது.

சிப்புக்கு உள்ளே வருகிறேன், என் ஆர்வம் அங்கேதான். ஏடிஏஆர்1000-இல் இருப்பது வெக்டர் மாடுலேட்டர் வகை. வரும் சிக்னலை ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளிய இரண்டாகப் பிரிக்கிறார்கள், ஐ என்றும் க்யூ என்றும். இரண்டின் அளவையும் குறியையும் தனித்தனியாக மாற்றி மறுபடி கூட்டினால் எந்தக் கோணமும் கிடைக்கும். 360 டிகிரிக்கு 128 படி, படிக்கு 2.8 டிகிரி. ஒவ்வொன்றுக்கும் 5 பிட் அளவு, ஒரு பிட் குறி. பூஜ்ஜியம் டிகிரிக்கு ஐ 31, க்யூ 0. அடுத்த படிக்கு ஐ அதே 31, க்யூ 1. இந்த ரெஜிஸ்டர்களைப் பைத்தானிலிருந்து நேரடியாகவே எழுதலாம், கிட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், எதையும் மூடி வைக்கவில்லை. சுற்றுப்படம், லேஅவுட் கோப்பு, நிரல் எல்லாம் திறந்தே இருக்கின்றன.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அண்ணா, 45 டிகிரிக்கு ஐ, க்யூ இரண்டையும் 31 வைத்தால் என்ன, ஏன் சிப்பின் அட்டவணையில் 22-க்கு அருகில் இருக்கிறது?" வாயால் பதில் சொல்லவில்லை, எழுதிப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் 31 என்றால் கோணம் 45 தான், அதில் தப்பில்லை. ஆனால் கூட்டிய அம்பின் நீளம் 31 இல்லை, சுமார் 44 ஆகிவிடும், அதாவது 3 டெசிபெல் கூடுதல். ஃபேஸை மாற்றப் போய் கெயினும் மாறிவிட்டது. எட்டு உறுப்பிலும் அப்படியே விட்டு பீமை 20 டிகிரி திருப்பிப் பார்த்தாள், பள்ளங்கள் மேடேறி, சைட்லோப்கள் ஒரு பக்கம் உயரமாகவும் மறு பக்கம் குட்டையாகவும் வந்தன. திரையையும் கையிலிருந்த வரைபடத் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஓ, வட்டத்திலேயே நிற்க வேண்டும், சதுரத்துக்குப் போகக் கூடாது" என்றாள். 2017-இல் ஐபிஎம்மும் எரிக்சனும் சேர்ந்து வெளியிட்ட 32 உறுப்பு, 28 கிகாஹெர்ட்ஸ் சிலிக்கான்-ஜெர்மேனியம் சிப்பில் ஃபேஸைத் தொட்டால் கெயின் அசையக் கூடாது, கெயினைத் தொட்டால் ஃபேஸ் அசையக் கூடாது என்பதை ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டு ஏன் அவ்வளவு பெரிதாகச் சொன்னார்கள் என்பது எனக்கே அந்த மதியம்தான் முழுதாக உறைத்தது.

அடுத்தது பிட் எண்ணிக்கை. நம் ஆட்களுக்கு 5 பிட்டா 6 பிட்டா, அதாவது 360 டிகிரியை 32 படியாக வெட்டுவதா 64 படியாக வெட்டுவதா என்பது தீராத சண்டை. நான் பைத்தானில் கோணங்களை 2 பிட்டுக்கு, அதாவது 90 டிகிரி படிக்கு, வலிந்து சுருக்கினேன். 10 டிகிரி பீமுக்கு வேண்டியது 0, 31, 61, 92, 123, 153, 184, 215. சுருக்கினால் கிடைப்பது 0, 0, 90, 90, 90, 180, 180, 180. சாய்தளம் இருந்த இடத்தில் படிக்கட்டு. அப்படியும் பீம் கிட்டத்தட்ட 10 டிகிரியிலேயே நிற்கிறது! அதுதான் எனக்கு ஆச்சரியம். கெடுவது முக்கிய மலை இல்லை, பக்கத்தில் முளைக்கும் குன்றுகள். 3 பிட்டில் அவை தணிகின்றன, 4 பிட்டில் என் வீட்டு அறையின் எதிரொலிக்குள் மறைந்துவிடுகின்றன, அதற்கு மேல் 7 பிட் வரை போனாலும் என் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை.

பிறகு நான் இத்தனை வருடம் கும்பிட்ட ஆர்எம்எஸ் எரர். ஒவ்வொரு உறுப்புக்கும் சீரற்ற பிழை சேர்த்து ஓட்டினேன். 3 டிகிரி பிழைக்குப் படம் அசையவே இல்லை. 10 டிகிரிக்கு பள்ளங்கள் தூர்ந்து சுமார் 24 டெசிபெல் கீழே நின்றன. கணக்கும் அதையேதான் சொல்கிறது: பிழையை ரேடியனில் எடுத்து வர்க்கப்படுத்தி, உறுப்பு எண்ணிக்கையால் வகுத்தால் அந்தத் தரைமட்டம் வரும். எண்ணிக்கையால் வகுப்பது என்பதைக் கவனியுங்கள். நாங்கள் வரைவது 256 உறுப்புப் பேனலுக்கு. அதே 10 டிகிரிப் பிழை அங்கே 39 டெசிபெல்லுக்குக் கீழே அமுங்கிவிடும். 5 டிகிரியை 3 ஆக்க நான் ஒரு முழுக் கோடைகாலத்தைச் செலவழித்திருக்கிறேன், அந்த உழைப்பைப் பீம் பார்த்திருக்கவே முடியாது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சீரற்ற பிழைதான் இப்படிக் கரையும். படிக்கட்டுப் பிழை வரிசையில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால் எத்தனை உறுப்பு சேர்த்தாலும் குன்றாகவே நிற்கும். அதை உடைக்க ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நிலையான, வெவ்வேறான தொடக்கக் கோணம் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு சுருக்க வேண்டும். கிட்டில் செய்து பார்த்தேன், எட்டே உறுப்பு என்பதால் முழுதாகப் போகவில்லை, ஆனால் குன்று உருக்குலைந்து பரவியது கண்ணுக்குத் தெரிந்தது.

இது எங்கள் அடுத்த டிசைனை நேரடியாக மாற்றியது. நாங்கள் 28-இல் போடுவது வெக்டர் மாடுலேட்டர் இல்லை, ஸ்விட்ச்டு வகை: 180, 90, 45 என்று பிட்டுக்கு ஒரு சுற்று, டிரான்சிஸ்டர் ஸ்விட்சுகள் அதற்குள் சிக்னலை அனுப்பும் அல்லது சுற்றி விடும். மின்சாரம் தின்னாது, இரண்டு திசையிலும் வேலை செய்யும், ஒரே சுற்றை அனுப்பவும் வாங்கவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்விட்சைப் பெரிதாக்கினால் மின்தடை குறையும், அணைந்திருக்கும்போது கொள்ளளவு கூடிக் கசியும். சிறிதாக்கினால் கசிவு குறையும், தடை ஏறும். இந்த இழுபறியில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டெசிபெல் முன்னே பின்னே தின்றுவிடும். சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் 90 டிகிரி கப்ளரில், மின்னழுத்தத்தால் கொள்ளளவு மாறும் வராக்டரைத் தொங்கவிடும் பிரதிபலிப்பு வகையில் படி என்பதே இல்லை, வழவழப்பாகத் திரும்பும், ஆனால் கோணம் மாறும்போது இழப்பும் மாறும், அந்த 31, 31 சங்கதியேதான் வேறு உருவத்தில். ஆக, ஆறாவது பிட்டை எடுத்துவிட்டோம். சுருக்கல் பிழை 1.6 டிகிரியிலிருந்து 3.2 ஆனது. அதற்குப் பதிலாகக் கிடைத்த இழப்புக் குறைவும் இடமும் கெயின் வேறுபாட்டைச் சரிக்கட்டப் போயின. 28 கிகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவுக்கு ஆன்டெனா வெறும் 5.35 மில்லிமீட்டர், அந்தக் கட்டத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும், ஒரு பிட் போனால் கிடைக்கிற மைக்ரான்கள் பெரிய விஷயம்.

கிட்டில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் நடக்கலாம். இரண்டு ஏடிஏஆர் சிப்புகளின் வெளியீடும் புளூட்டோவின் இரண்டு சேனலுக்குத் தனித்தனியாகப் போகின்றன. நான்கு நான்காக அனலாகில் கூட்டி, அந்த இரண்டை டிஜிட்டலில் கூட்டலாம், கழிக்கலாம். கழித்தால் மலை இருக்கிற இடத்தில் கூரான பள்ளம் வரும், அதை வைத்து மூலம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று உடனே கண்டுபிடித்துப் பின்தொடரலாம். மோனோபல்ஸ் என்கிற ராடார் முறை. நான் கேபிளைக் கழற்றி மாட்டியபோது இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். சாதாரண ஸ்கேன் கச்சிதமாக வந்தது, ஏனென்றால் கூட்டலுக்கு இடம் மாறினால் என்ன? ஆனால் பின்தொடரும் நிரலை ஓட்டியதும் மாட்யூல் இடப்பக்கம் போனால் பீம் வலப்பக்கம் ஓடுகிறது, ஓடி கோடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு நாள் முழுக்க நிரலில் குறி தேடினேன். இப்போது கேபிள்களில் சிவப்பு, நீலம் என்று டேப் சுற்றி வைத்திருக்கிறோம்.

இதில் இல்லாதவை. பீம் பக்கவாட்டில் மட்டும்தான் திரும்பும், மேலும் கீழும் திரும்பாது. 28 கிகாஹெர்ட்ஸின் உண்மையான தொல்லைகளான பேக்கேஜ் இழப்பு, சூடு, சிப்பிலிருந்து ஆன்டெனா வரைக்குமான அந்த இரண்டு மில்லிமீட்டர் கம்பிப்பாதை, பக்கத்துச் சேனல் கசிவு, இவை எதையும் 10 கிகாஹெர்ட்ஸ் பலகை காட்டாது. அகலப்பட்டையில் அலைவெண் மாறும்போது பீம் நகர்வதையும் ஒரே அலைவெண் மாட்யூலை வைத்துப் பார்க்க முடியாது. அலைவெண்ணை ஏற்றி இறக்கித் தூரம் அளக்கும் எஃப்எம்சிடபிள்யூ ராடாராகவும் ஓடும், 500 மெகாஹெர்ட்ஸ் வீச்சுக்கு 30 சென்டிமீட்டர் தூரப் பிரிதிறன், ஆனால் எனக்கு அதில் ஈடுபாடு இல்லை, இரண்டு மாலை பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

தனி ஆள் கைக்காசு போட்டு வாங்குகிற விலை இல்லை. ஆர்எஃப் பாடம் எடுக்கிற பொறியியல் கல்லூரி வாங்கலாம், வாங்க வேண்டும். ஒரு கிட்டை வைத்து ஒரு செமஸ்டர் முழுக்க ஆய்வகம் நடத்தலாம், ஆன்டெனாவே பார்க்காமல் நான்கு வருடம் முடிக்கிற பிள்ளைகளை நான் நேர்முகத்தில் வாரா வாரம் சந்திக்கிறேன். என்னைப் போல சிப்புக்குள்ளேயே குடியிருக்கிற டிசைனர்கள் ஒரு மாதத்துக்காவது இரவல் வாங்குங்கள். முழு ஆன்டெனா அறையும் அளவைக் கருவிகளும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இது அவசியமில்லை.

வைக்கிற இடம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடத்து மொட்டை மாடிதான் இதுவரை கிடைத்ததில் சிறந்த இடம், எதிரொலி இல்லாமல் பள்ளங்கள் 30 டெசிபெல் வரை இறங்கின. காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் மாட்யூலின் அலைவெண் நகர்ந்துவிடும், திரும்பவும் தேடல் ஸ்கிரிப்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.